தம்பி அடித்த பந்துகள்

என் தம்பி பேஸ்போல் விளையாடிப் பிழைத்தவன். இதைச் சொன்னால் எங்கள் ஆட்களில் பாதிப் பேர் கிரிக்கெட்டைச் சொல்கிறேன் என்று நினைத்துத் தலையாட்டுவார்கள். மன்னாரிலிருந்து வந்து மொன்ட்ரியால்-நோரில் மூன்றாம் மாடியில் வாடகைக்கு இருந்த குடும்பம் எங்களுடையது. அப்பா கோழி வெட்டும் தொழிற்சாலையில் வேலைக்கு நின்றார், அம்மா வீட்டிலிருந்து தைத்தார். அப்படிப்பட்ட வீட்டுப் பிள்ளைக்குப் பதினெட்டு வயதில் ஓர் அமெரிக்கக் குழு ஒப்பந்தம் கொடுத்தது. எனக்கே சில வேளைகளில் அது வேறு யாருக்கோ நடந்த கதைபோலத் தோன்றும்.

அவன் என்னை விட ஐந்து வயது இளையவன். இங்கே வரும்போது அவனுக்கு நான்கு வயது. பதின்மூன்று வயதில் அப்பாவைத் தாண்டி வளர்ந்தான். பாடசாலையில் உடற்பயிற்சி ஆசிரியர் அவன் கையில் ஒரு மட்டையைக் கொடுத்துப் பார்த்தார். அதன் பிறகு அவன் சனிக்கிழமைகளில் வீட்டில் இருந்ததில்லை. ஆற்றங்கரைப் பக்கத்துப் பூங்காவில் விளையாடுவார்கள். ஒரு நாள் அவன் அடித்த பந்து வேலிக்கு மேலால் போய், வீதியில் நின்ற பேருந்தின் முன் கண்ணாடியில் விழுந்தது. சாரதி இறங்கி, யார் அடித்தது என்று பிரெஞ்சில் கேட்டார். எல்லாரும் தம்பியைக் காட்டினார்கள். அவர் அவனை ஒரு தடவை பார்த்தார், அவன் மட்டையோடு நின்ற இடத்தைப் பார்த்தார், வெடித்த கண்ணாடியைப் பார்த்தார். பிறகு பேசாமல் பந்தை அவன் கையில் கொடுத்துவிட்டுப் போனார். அப்பா இந்தக் கதையைத் தேவாலயத்தில் எத்தனை பேருக்குச் சொல்லியிருப்பார் என்று கணக்கில்லை.

அவனுக்கு வேகமாக ஓட வராது. பந்து பிடிப்பதும் சுமார்தான். பந்தை மைதானத்துக்கு வெளியே அனுப்புவது ஒன்றுதான் அவனுக்குத் தெரிந்த வேலை. பட்டால் ஹோம் ரன், படாவிட்டால் காற்று. இப்படிப்பட்ட ஆட்களுக்கு அந்த விளையாட்டில் தனி இடம் உண்டு, ஆனால் அந்த இடம் அடிக்கும் வரைக்கும்தான். இதை நான் பிந்தித்தான் விளங்கிக்கொண்டேன்.

ஒப்பந்தம் என்றால் உடனே பெரிய மைதானம் என்று நாங்கள் நினைத்திருந்தோம். அப்படி இல்லை. கீழே நான்கைந்து படிகளாகச் சின்ன லீக்குகள். முதலில் புளோரிடாவில் வெயிலில், பிறகு பெயர் கேள்விப்படாத ஊர்களில், பேருந்தில் பத்து மணி நேரம், பன்னிரண்டு மணி நேரம். ஸ்பானிஷ் கதைக்கிற மூன்று பேருடன் ஓர் அறையில் நிலத்தில் மெத்தை போட்டுப் படுத்தான். தொலைபேசி அட்டை வாங்கி ஞாயிற்றுக்கிழமைகளில் வீட்டுக்குப் போன் எடுப்பான். அப்பா முதலில் வாங்கிக் கேட்பது ஒரே கேள்விதான்: இந்தக் கிழமை எத்தனை ஹோம் ரன்? சொன்ன எண்ணிக்கை குறைவென்றால் அப்பா கோபப்பட மாட்டார். போனை அம்மாவிடம் நீட்டிவிடுவார்.

முதல் இரண்டு வருடமும் அவன் ஒரே படியில்தான் நின்றான்.

மூன்றாம் வருடம் விளையாட்டு முடிந்து ஒக்டோபரில் வந்தவனைப் பார்த்து விமான நிலையத்திலேயே அம்மா கையைத் தட்டிச் சிரித்தார். கழுத்தும் தோளும் ஒன்றாகியிருந்தன. பூசைக்குப் போனால் ஆட்கள் வந்து அவன் கையைப் பிடித்துப் பார்த்தார்கள். பொடியன் மலை மாதிரி என்றார்கள். நான் அந்த நேரம் வில்லரேயில் ஒரு மருந்துக்கடையில் உதவியாளராக நான்கு வருடம் வேலை செய்திருந்தேன். அவன் சட்டை மாற்றும்போது முதுகு முழுக்கச் சிவப்புப் பருக்களைக் கண்டேன். சோறு ஆறிவிட்டது என்று அம்மாவிடம் சத்தம் போட்டான். அப்படிச் சத்தம் போடுகிறவன் அல்ல அவன். ஒரு கிழமை கழித்துக் குளியலறைச் சுவரில் முட்டி அளவுக்கு ஒரு ஓட்டை இருந்தது. கதவு இடித்தது என்றான். அம்மா அதன்மேல் மாதா படம் போட்ட நாட்காட்டியைக் கொளுவினார்.

ஒரு ஞாயிறு, அப்பாவும் அம்மாவும் பூசைக்குப் போன பிறகு, நான் தேடினேன். தேடினேன் என்றுதான் சொல்ல வேண்டும், தற்செயலாகக் கண்ணில் படவில்லை. அலுமாரிக்குள் அவனுடைய பனிச்சப்பாத்துக்குள் ஒரு காலுறை, அதற்குள் ஸ்பானிஷ் எழுத்துப் போட்ட இரண்டு சின்னக் குப்பிகள், ஓர் ஊசி. ஒரேயோர் ஊசி. அதன் நுனி வளைந்திருந்தது.

அவன் குசினி மேசையில் முட்டை சாப்பிட்டுக்கொண்டிருந்தான். நான் குப்பிகளை அவனுக்கு முன்னால் வைத்தேன். அவன் மறுக்கவில்லை. சாப்பிடுவதையும் நிறுத்தவில்லை.

"எல்லாரும் போடீனமோ?" என்று கேட்டேன்.

"எல்லாரும் இல்லை," என்றான். "மேல போறவை போடீனம். போன வருஷம் என்ரை அறையில இருந்தவன் என்னை விட மோசமா அடிச்சவன். இந்த வருஷம் அவன் ரெண்டு படி மேல. நான் அதே அறை."

ஸ்டீரொயிட் ஈரலுக்கும் இதயத்துக்கும் என்ன செய்யும் என்று எனக்குத் தெரிந்ததை எல்லாம் சொன்னேன். அவன் கேட்டான். சின்ன வயதில் நான் கணக்குச் சொல்லிக் கொடுக்கும்போது கேட்டுக்கொண்டிருப்பது போலவே கேட்டான். பிறகு எழும்பி, காற்சட்டையின் இடுப்பைச் சற்றுக் கீழே இறக்கிக் காட்டினான். இடுப்புக்குக் கீழே ஒரு முட்டை அளவில் வீங்கிச் சிவந்திருந்தது. தொட்டேன், கொதித்தது. அதே ஊசியை எத்தனை தரம் பாவித்தாய் என்று கேட்டேன். ஞாபகமில்லை என்றான்.

"அக்கா, அம்மாட்ட சொல்லாதை. இன்னும் ரெண்டு வருஷம். மேல போனாப் பிறகு விட்டிடுவன்."

அன்று பின்னேரம் அவனை ஒரு மருத்துவ நிலையத்துக்குக் கூட்டிக்கொண்டு போய்ச் சீழ் எடுப்பித்தேன். மறுநாள் வேலை முடிந்து வரும்போது ஒரு பெட்டி புது ஊசி வாங்கிக்கொண்டு வந்தேன். ஊசிக்கு மருந்துச் சீட்டுத் தேவையில்லை. யாரும் என்னை எதுவும் கேட்கவில்லை. எங்கள் கடையிலேயே, போதைக்கு ஊசி போடுகிறவர்களுக்கு நான் சுத்தமான ஊசியைப் பெட்டியில் போட்டுக் கொடுத்து, போன்ஜூர் சொல்லி அனுப்பியிருக்கிறேன். அவர்களுக்குச் செய்யலாம், என் தம்பிக்குச் செய்யக்கூடாதா என்று எனக்கு நானே நியாயம் சொன்னேன். அந்த நியாயத்தில் இன்றைக்கும் என்னால் பிழை கண்டுபிடிக்க முடியவில்லை. ஆனால் அந்தப் பெட்டியை அம்மாவின் கண்ணில் படாமல் என் மேலங்கிக்குள் மறைத்துத்தான் மூன்று மாடியும் ஏறினேன். நியாயமான காரியத்துக்கு எதற்கு ஒளிப்பு?

அடுத்த இரண்டு குளிர்காலமும் அப்படியே போயின. அவன் வருவான், நான் ஊசி வாங்குவேன். நாங்கள் அதைப் பற்றிக் கதைப்பதில்லை. கோடையில் அவனுடைய ஹோம் ரன்கள் ஏறின, அவனும் படி படியாக ஏறினான். அப்பா தொழிற்சாலையில் இருந்து வந்ததும் என்னைக் கணினியைப் போடச் சொல்லி, அன்றைய விளையாட்டின் முடிவை வாசிப்பிப்பார். நான் வாசித்தேன். ஒவ்வொரு எண்ணையும் வாசிக்கும்போது அவர் முகத்தைப் பார்க்காமல் திரையைப் பார்த்தே வாசித்தேன்.

ஒரு செப்டெம்பரில் பெரிய குழு அவனை மேலே கூப்பிட்டது. அந்த மாதம் அவனுடைய குழுவுக்கு மொன்ட்ரியாலில் மூன்று நாள் ஆட்டம் இருந்தது. எங்கள் நகரத்துக் குழு இங்கிருந்து போகப்போகிறது என்று ஏற்கனவே கதை அடிபட்ட காலம். மைதானத்துக்கு ஆட்கள் வருவதில்லை. கொங்கிறீட் கூரையின் கீழ் வெறும் கதிரைகள் வரிசை வரிசையாகக் கிடந்தன. எங்கேயோ ஒருவர் கதிரையை மடக்கி அடித்தால் அந்தச் சத்தம் சுற்றி வந்து மறுபடி கேட்கும்.

முதல் இரண்டு நாளும் அவனை இறக்கவில்லை. மூன்றாம் நாள் ஞாயிறு மத்தியான ஆட்டம். பூசை முடிய எங்கள் தேவாலயப் பங்கு ஆட்கள் இரண்டு மஞ்சள் பாடசாலைப் பேருந்துகளைப் பிடித்து வந்தார்கள். எண்பது பேருக்கு மேல் இருக்கும். ஆட்டிறைச்சி ரோல்ஸ் பெட்டி பெட்டியாக வந்தது. வாசலில் நின்ற காவலாளி பெட்டியைத் திறந்து பார்த்து, ஒன்றை எடுத்துக்கொண்டு விட்டுவிட்டார். அந்தப் பகுதியில் எங்களைத் தவிர வேறு ஆட்கள் இல்லை. அப்பா கோட் போட்டிருந்தார். அம்மா செபமாலையைக் கைப்பைக்குள் வைத்தபடியே உருட்டிக்கொண்டிருந்தார்.

எட்டாம் சுற்றில் அவனுடைய பெயரைப் பிரெஞ்சிலும் ஆங்கிலத்திலும் சொன்னார்கள். இரண்டிலும் பிழையாகச் சொன்னார்கள். எங்கள் ஆட்கள் எழும்பி நின்றார்கள். நான் கதிரையிலேயே இருந்தேன். எதை வேண்டிச் செபிப்பது என்று தெரியவில்லை. அவன் அடிக்க வேண்டும் என்று மனம் கேட்டது. அடித்தால் அதற்குள் நான் வாங்கிய ஊசியும் இருக்கும் என்றும் அதே மனம் சொன்னது.

முதல் பந்தில் அவன் மட்டை காற்றைத்தான் வெட்டியது. இரண்டாவது பந்தில் பட்டது. அந்தச் சத்தத்தை நான் இன்னும் கேட்கிறேன். பந்து இடது பக்கம் ஏறி ஏறிப் போய், யாரும் இல்லாத மேல்தட்டில், மஞ்சள் எல்லைக் கம்பத்துக்கு வெளியே விழுந்தது. எங்கள் ஆட்கள் கத்தினார்கள், கட்டிப் பிடித்தார்கள். அப்பா இரண்டு கையையும் தூக்கிக்கொண்டு நின்றார். பின்வரிசையில் இருந்த பிள்ளைகள்தான் பிரெஞ்சும் தமிழும் கலந்து விளங்கப்படுத்தினார்கள்: கம்பத்துக்கு வெளியே போனால் அது ஓட்டம் இல்லை, பிழை அடி, பந்தைத் தவறவிட்டதாகவே எண்ணுவார்கள்.

அப்பா என் பக்கம் குனிந்தார்.

"அவ்வளவு தூரம் போனது. கிரிக்கெட் எண்டா ஆறு. இதில ஒண்டுமே இல்லையோ?"

ஒன்றுமே இல்லை என்றேன்.

மூன்றாவது பந்து மெதுவாக வந்து கடைசியில் கீழே இறங்கியது. அது வந்து சேருவதற்கு முதலே அவன் மட்டையைச் சுழற்றி முடித்திருந்தான். மூன்று தரம் தவறினால் ஆள் வெளியே, அவ்வளவுதான். தலையைக் குனிந்து நடந்து போய்த் தன் இடத்தில் இருந்தான். எங்கள் பக்கம் பார்க்கவில்லை. திரும்பி வரும் பேருந்தில் ஆட்கள் அப்பாவைத் தேற்றினார்கள். அப்பா எல்லாருக்கும் மிச்ச ரோல்ஸைக் கொடுத்துக்கொண்டு வந்தார்.

அவன் பெரிய லீக்கில் இருந்தது மூன்று கிழமை. வேறோர் ஊரில் ஒரு சின்ன அடி அடித்து, நான்கு தளத்தில் முதல் தளம் வரைக்கும் ஓடினான். பந்தை வெளியே அனுப்புவதற்கென்றே கூப்பிடப்பட்டவன் அங்கே ஒரு ஹோம் ரன்கூட அடிக்கவில்லை.

அடுத்த வசந்தத்தில் புளோரிடாப் பயிற்சி முகாமிலிருந்து என் வேலையிடத்துக்குப் போன் வந்தது. அடித்துவிட்டு ஓடத் தொடங்கிய இரண்டாம் அடியில் முழங்காலுக்குக் கீழே ஏதோ அறுந்தது, துணி கிழிகிற மாதிரிச் சத்தம் கேட்டது என்றான். சத்திரசிகிச்சை செய்த வைத்தியர், தசை இவ்வளவு பெருக்க, அதைப் பிடித்து வைத்திருக்கும் நாரால் தாங்க முடியவில்லை என்று சொல்லி, அவன் கண்ணையே பார்த்தாராம். கோடை முடியும் முன் குழு அவனை விட்டுவிட்டது. கடிதத்தில் முழங்கால் என்று மட்டும் இருந்தது.

கக்கத்தில் தடியோடு எங்கள் வெளிப்படிகளில் அவன் ஏறி வந்தபோது, கீழ் வீட்டு ஹெயிட்டிக்காரப் பெண்மணி கதவைத் திறந்து பார்த்துவிட்டு மெல்லச் சாத்திக்கொண்டார்.

மருந்தை அவன் அங்கேயே விட்டுவிட்டு வந்திருந்தான். திடீரென்று விட்டால் உடம்பு தானாகச் சுரக்க வேண்டியதையும் சுரக்காமல் கிடக்கும், மனம் இடிந்து போகும். புத்தகத்தில் படித்திருந்தேன். ஆனால் என் வீட்டில் அது நடக்கும்போது, அது கவலை என்றுதான் நானும் எடுத்துக்கொண்டேன். அவன் திரையை இழுத்துவிட்டுப் படுத்துக் கிடந்தான். தொலைக்காட்சியில் சவர்க்கார விளம்பரம் போனாலும் கண்ணீர் வழிந்தது. உடம்பு கரைந்துகொண்டு போனது. சூப் வைக்கவோ, கசாயம் வைக்கவோ என்று அம்மா என்னைக் கேட்டுக்கொண்டே இருந்தார்.

நவம்பரில் ஒரு நாள் மத்தியானம், நான் வேலைக்குப் போகச் சப்பாத்துப் போட்டுக்கொண்டிருக்க, அவன் அறை வாசலில் வந்து நின்றான். லவாலுக்குப் போகிற பாலத்தில் நேற்றுப் போய் நின்றதாகச் சொன்னான். எதற்கு என்று கேட்டேன்.

"தண்ணியைப் பாத்துக்கொண்டு நிண்டனான். கனநேரம். எனக்குப் பயமா இருக்கக்கா."

நான் சப்பாத்தைக் கழற்றவில்லை. அவனுக்கு மேலங்கியைப் போட்டு, டாக்சி பிடித்து, ஆஸ்பத்திரி அவசரப் பிரிவுக்குக் கொண்டு போனேன். ஐந்து மணி நேரம் காத்திருந்தோம். உள்ளே வைத்தியரிடம் அவன் மருந்தைப் பற்றி எல்லாம் சொன்னான். எத்தனை வருடம், எவ்வளவு என்று ஒளிக்காமல் சொன்னான். ஊசி எங்கிருந்து கிடைத்தது என்று கேட்டபோது, கூட விளையாடியவர்கள் என்றான். நான் பக்கத்திலேயே இருந்தேன். அவன் என்னைப் பார்க்கவில்லை. நானும் வாய் திறக்கவில்லை.

அவனைப் பத்து நாள் அங்கே வைத்திருந்தார்கள். அந்தப் பத்து நாளுக்குள் வீட்டில் நான் எல்லாவற்றையும் சொன்னேன், ஊசியையும் சேர்த்து. அம்மா தையல் இயந்திரத்தை நிறுத்திவிட்டுக் கேட்டார். அழுவார் என்று நினைத்தேன்.

"அவனுக்குத் தெரியாது, அவன் பிள்ளை," என்றார். "நீ மருந்துக்கடையில நிக்கிறனி. உனக்குத் தெரிஞ்சு செய்திருக்கிறாய்."

அதன் பிறகு எட்டு மாதம் என்னோடு கதைக்கவில்லை. என் சாப்பாடு மேசையில் மூடி இருக்கும். தன் பிரஷர் குளிசையை எப்போதும் என் கடையில்தான் எடுப்பார். அந்த மாதத்திலிருந்து இரண்டு பேருந்து மாறிப் போய் வேறோர் இடத்தில் எடுக்கத் தொடங்கினார். மீண்டும் என்னோடு கதைக்கத் தொடங்கிய பிறகும் அதை மாற்றவில்லை.

அப்பா கோபிக்கவில்லை. ஒன்று மட்டும் கேட்டார்.

"அப்ப அந்தப் பந்தெல்லாம் ஆர் அடிச்சது?"

அவன்தான் அப்பா என்றேன். அவர் தலையாட்டினார். ஆனால் அதன் பிறகு பேருந்துக் கண்ணாடிக் கதையை அவர் யாருக்கும் சொல்லி நான் கேட்கவில்லை. அந்தக் கதை நடந்தபோது அவனுக்குப் பதினைந்து வயது, வெறும் சோறும் மீனும் தின்ற உடம்பு, அது அவனுடைய சொந்த அடி என்று அப்பாவுக்கு எடுத்துச் சொல்லியிருக்கலாம். நான் சொல்லவில்லை. ஏன் என்று தெரியவில்லை.

தம்பி மெல்ல மெல்ல எழும்பினான். ஒரு களஞ்சியத்தில் பாரம் தூக்கும் வண்டி ஓட்டுகிற வேலை எடுத்தான். எங்கள் பங்கிலேயே, யாழ்ப்பாணத்துக் குடும்பத்தில், கார்தரியில், குழந்தைகள் காப்பகத்தில், பிள்ளை பார்க்கிற ஒரு பெண்ணைக் கலியாணம் முடித்தான். மருந்து போட்டதைக் கலியாணத்துக்கு முதலே அவளிடம் சொல்லியிருந்தான். இல்-பிசாரில் ஒரு சின்ன வீட்டின் கீழ்த்தளத்தில் இருந்தார்கள். அங்கே பேருந்து வருவது அரிது. நான் போவதென்றால் அவன் வந்து ஏற்ற வேண்டும். மூன்று வருடமாகப் பிள்ளை இல்லை.

மருத்துவமனையில் அதற்கான பிரிவுக்குப் போகும்போது அவள் என்னையும் கூப்பிட்டாள். மருந்துப் பெயர்கள் எல்லாம் உங்களுக்கு விளங்கும், கூட வாங்கோ மச்சாள் என்றாள். தாதி ஒரு படிவத்தை வைத்துக்கொண்டு பிரெஞ்சில் கேள்வி கேட்டாள். தம்பி பதில் சொன்னான். எந்த மருந்து, எந்த வயதில், எத்தனை வருடம். ஊசிகளை யாரோடாவது மாற்றிப் பாவித்தது உண்டா என்று கேட்டாள், தொற்றுப் பரிசோதனைக்காக.

இல்லை என்றான். "எனக்கு அக்காதான் புது ஊசி வாங்கித் தருவா," என்று பிரெஞ்சில் சொன்னான், குரலைத் தாழ்த்தாமல். தாதி எழுதிக்கொண்டாள். அவன் மனைவி திரும்பி என்னைப் பார்த்தாள். அந்த ஒன்றை மட்டும் அவன் அவளுக்குச் சொல்லியிருக்கவில்லை.

வெளியே கார் நிறுத்துமிடத்தில் அவன் காரை எடுக்கப் போக, நாங்கள் இருவரும் சுவரோரம் நின்றோம். குளிர் காற்று அடித்தது.

"அப்ப என்ன நினைச்சுக் குடுத்தனீங்கள்?" என்று கேட்டாள். கோபம் இல்லை. அறிய வேண்டும் போலக் கேட்டாள்.

வீங்கிய இடத்தைப் பற்றிச் சொன்னேன். வளைந்த ஊசியைப் பற்றிச் சொன்னேன். அவன் எப்படியும் போடத்தான் போகிறான், குறைந்தது சுத்தமாகப் போடட்டும் என்று நினைத்தேன் என்றேன். நான் வாங்கிக் கொடுக்காமல் விட்டிருந்தால் அவன் அந்தக் குளிர்காலமே நிறுத்தியிருப்பானோ என்று பிறகு நினைத்தேன் என்பதையும் சொன்னேன். அவள் கேட்டுவிட்டு ஓம் என்றாள். எதற்கு ஓம் என்று நான் கேட்கவில்லை. கார் வந்ததும் வழக்கமாக எனக்கு விடும் முன் கதிரையில் தானே ஏறிக்கொண்டாள்.

சோதனை முடிவு நன்றாக இல்லை. அந்த மருந்து குறைத்த விந்தணு சில பேருக்குத் திரும்பி வரும், சில பேருக்கு வராது, காத்திருந்துதான் பார்க்க வேண்டும் என்றார் வைத்தியர். அவர்கள் காத்திருந்தார்கள். அதன் பிறகு வந்த வருடங்களிலும் அவர்களுக்குப் பிள்ளை இல்லை.

தாதி கேள்வி கேட்ட அன்று, என்னை வீட்டில் இறக்கிவிடும்போது தம்பி காரை நிறுத்தி இறங்கி வந்தான். உன்னைக் காட்டிக் கொடுக்கவென்று சொல்லவில்லை, தாதி கேட்டாள், எனக்குப் பொய் சொல்லிச் சொல்லிக் களைத்துவிட்டது என்றான். நான் சரி என்றேன். அவன் என் தோளில் கையை வைத்தான். அந்தக் கை இப்போது சாதாரண ஒரு ஆளின் கைதான். பிறகு முழங்காலைப் பார்த்துப் பார்த்து மடக்கிக் காருக்குள் ஏறி, மனைவியோடு வீட்டுக்குப் போனான்.